ஆவணப் புகைப்படம் யாருக்காக? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிற்சி வகுப்புகளிலும் கண்காட்சி அரங்குகளிலும் கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் துறைகளிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. கேட்டவர்களின் சொற்களை முடிந்தவரை மாற்றாமல் கொடுத்திருக்கிறேன். பதில்கள் என் சொந்தக் கருத்துகள். பின்னால் வரும் சில பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி நிற்பதால், வரிசையாகப் படித்தால் நல்லது.

ஆவணப் புகைப்படம் என்றால் என்ன? எடுக்கிற எல்லாப் படமும் ஏதோ ஒன்றுக்கு ஆவணம்தானே?

ஒரு வகையில் ஆமாம். உங்கள் தாத்தா ஸ்டுடியோவில், வரைந்த திரைக்கு முன்னால் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம்கூட இன்று ஆவணம்தான். அந்தக் காலத்துச் செருப்பு, கைக்கடிகாரம், பாட்டி எவ்வளவு தள்ளி நின்றார் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஆவணமாக வேண்டும் என்று யாரும் அதை எடுக்கவில்லை. காலம்தான் அதை அப்படி ஆக்கியது.

எடுக்கும்போதே அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்பவரைத்தான் நான் ஆவணப் புகைப்படக்காரர் என்கிறேன். இந்த மனிதர் இந்த இடத்தில் இந்த நாளில் இப்படி வாழ்ந்தார் என்று, நாளை யார் வந்து கேட்டாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அவர். படம் அழகாக அமையலாம், அமையாமலும் போகலாம். சாட்சி சொல்வதே அதன் வேலை.

பத்திரிகைப் படமும் இதுவும் ஒன்றுதானே? என்ன வித்தியாசம்?

நெறி ஒன்றுதான், கால அளவு வேறு. பத்திரிகைக்காரர் மாலைக்குள் படத்தை அனுப்பியாக வேண்டும். ஆவணப் புகைப்படக்காரருக்குத் திரும்பப் போகும் வசதி இருக்கிறது. திரும்பப் போகாதவர் அந்த வசதியை வீணாக்குகிறார்.

தூத்துக்குடி உப்பளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைக் குவியல்கள், பாத்தித் தண்ணீரில் தெரியும் வானம், தலைச்சுமையோடு வரப்பில் வரிசையாக நடக்கும் பெண்கள். கேமரா வைத்திருக்கும் எல்லாரும் அந்த நாட்களில்தான் போகிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பு வாரும் வேலை நின்றுவிடும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அந்தப் பெண்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க யாரும் போவதில்லை. காதுத் தோடு அடகுக் கடைக்குப் போகும் காலம் அது. அப்படிப்பட்ட ஒரு வீட்டில், மளிகைக் கடைப் பற்றுநோட்டின் ஒரு பக்கத்தை வீட்டுக்காரரின் சம்மதத்தோடு படமெடுத்தேன். அரிசி, பாமாயில், துவரம்பருப்பு கால் கிலோ என்று நீல மையில் வரி வரியாக இறங்குகிறது. வரவு எழுத வேண்டிய இடம் பக்கம் முழுக்கக் காலி. உப்பே இல்லாத அந்தப் படம்தான் அந்தத் தொழிலைப் பற்றி என்னிடம் இருப்பவற்றில் முக்கியமானது என்று நினைக்கிறேன்.

எந்தக் கேமரா வாங்கலாம்? மொபைல் போன் போதுமா?

போதும். தூத்துக்குடியில் 2018 மே 22 அன்றும் மறுநாளும் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். சாதாரண உடையில் வேன் மீது ஏறி நின்று ஒரு காவலர் துப்பாக்கியால் குறிபார்த்த காட்சியை நாடே பார்த்தது. அது எந்தக் கேமராவில் எடுக்கப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை.

வாங்கத்தான் வேண்டும் என்றால், சத்தம் போடாததாகவும் தூசியையும் தூறலையும் தாங்குவதாகவும் பாருங்கள். 35 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். ஆளுக்கு அருகில் போகாமல் அதில் படமெடுக்க முடியாது என்பதே அதன் நன்மை. மிச்சப் பணம் பஸ் கட்டணத்துக்கும் ப்ரின்ட் போடவும் வேண்டியிருக்கும்.

கறுப்பு வெள்ளையில் இருந்தால்தான் ஆவணப் படம் மாதிரி இருக்கிறது. மாற்றிவிடலாமா?

காரணம் இருந்தால் மாற்றுங்கள். வறுமையைக் கூட்டிக் காட்டுவதற்காக மாற்றாதீர்கள். ஏழை வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். கிளிப்பச்சைச் சுவர், ஆரஞ்சு பிளாஸ்டிக் குடம், காலண்டரில் முருகன், கொடியில் காயும் ரோஜா நிறப் பாவாடை. அந்த நிறங்கள் அவர்கள் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தவை. அவற்றைச் சாம்பலாக்கினால் அந்த ஆசையும் படத்திலிருந்து போய்விடும்.

ஒரு புகைப்படத்தால் உண்மையில் எதையாவது மாற்ற முடியுமா?

மாற்றியிருக்கிறது. ஆனால் தனித்து நின்று மாற்றவில்லை; சீக்கிரமாகவும் மாற்றவில்லை. அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்ற பள்ளி ஆசிரியர், 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் பஞ்சாலைகளையும் நிலக்கரிச் சுரங்கங்களையும் படமெடுத்தார். முதலாளிகள் உள்ளே விட மாட்டார்கள் என்பதால் தீத்தடுப்பு ஆய்வாளர், பைபிள் விற்பவர் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு நுழைவார். பேச்சுக் கொடுத்தபடியே பைக்குள் கைவிட்டுப் பார்க்காமலே குறிப்பெழுதுவார். தன் மேற்சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது அவருக்குத் தெரியும். எதிரில் நிற்கும் சிறுமி எந்தப் பொத்தான்வரை வருகிறாள் என்று பார்த்து, அவள் உயரத்தைக் குறித்துக்கொள்வார். மேற்பார்வையாளர் சொல்லும் வயது பொய் என்று காட்ட அது உதவும்.

இவ்வளவு செய்தும், 1916இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 1918இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நிலைத்து நின்ற சட்டம் 1938இல்தான் வந்தது. ஹைன் 1940இல் வறுமையில் இறந்தார். சட்டம் வந்ததற்குத் தொழிற்சங்கங்கள், பொருளாதாரப் பெருமந்தம், அரசியல் எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் எங்கள் ஆலையில் சிறு பிள்ளைகளே இல்லை என்று எவரும் வாய் கூசாமல் சொல்ல முடியாமல் போனதற்கு அந்தப் படங்கள்தான் காரணம்.

நம் ஊரில் மதுரைக்காரரான எம். பழனிகுமார், மலக்குழிக்குள் இறங்கி இறந்தவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் தொடர்ந்து படமெடுத்து வருகிறார். கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்கும் இன்றைய சட்டம் 2013இல் வந்தது. சாக்கடைச் சாவுகளுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இன்னும் மனிதர்கள் குழிக்குள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் படங்கள் தோற்றுவிட்டன என்று நான் சொல்ல மாட்டேன். இறந்தவரின் மனைவி அலுவலக வாசலில் நிற்கும்போது, அவர் இப்படித்தான் இறந்தார் என்று காட்ட ஒன்றுமே இல்லாத நிலை இருக்கிறதே, அதைத்தான் தோல்வி என்பேன்.

நல்ல படம் என்றால் தானே பேசுமே. படத்துக்குக் கீழே ஏன் இவ்வளவு எழுதச் சொல்கிறீர்கள்?

என் நம்பிக்கைகளில் மிக உறுதியானது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். படம் பாதி ஆவணம். கீழே எழுதும் குறிப்பு மறுபாதி.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொன்னார்களே, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம், அதன் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி எடுத்தவை. எலும்பும் தோலுமான ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும், குடும்பப் படத்துக்கு உட்கார வைப்பதுபோல் உட்கார வைத்து எடுத்திருக்கிறார். அவர்களுக்குப் பெயர் இல்லை. எந்த ஊர், யாரோடு யார் உறவு, படமெடுத்த பிறகு அவர்களுக்குக் கஞ்சி கிடைத்ததா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. பஞ்சம் நடந்ததற்கு அவை சாட்சி. அந்த மனிதர்கள் வாழ்ந்ததற்கு அரைச் சாட்சிதான். என் பூட்டனின் தம்பி அதில் உட்கார்ந்திருந்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை.

ஹைன் எடுத்தவற்றில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. பலவற்றில் பெயர், ஊர், ஆலை, தேதி எல்லாம் குறிக்கப்பட்டுள்ளன. நூறு ஆண்டுகள் கழித்து அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு தேடிப் போய், அந்தச் சிறுவர்களின் பிள்ளைகளையும் பேரப் பிள்ளைகளையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். தங்கள் தாய் எட்டு வயதில் நூல் ஆலையில் நின்ற படத்தை அவர்கள் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 முதல், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் போராடி வருகிறார்கள். அவர்கள் கையில் இருப்பவை அடையாள அட்டைக்கு எடுத்த படங்கள், கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியெடுத்த முகங்கள். அவற்றை ஆவணம் என்று எண்ணி யாரும் எடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் பெயர் உண்டு. காணாமல் போன இடமும் நாளும் உண்டு. அதைச் சொல்ல ஒரு தாய் உண்டு. எந்த விருது பெற்ற படத்தையும்விட முழுமையான ஆவணங்களாக நான் அவற்றைத்தான் மதிக்கிறேன்.

சரி, குறிப்பில் என்னதான் எழுத வேண்டும்?

அவர் தன் பெயரை எப்படிச் சொல்கிறாரோ அப்படி. ஊர், தேதி, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது. முடிந்தால் அவர் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியம், அவர் சொன்னபடியே. சட்டகத்துக்கு வெளியே என்ன இருந்தது என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதைத்தான். தனியாக உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும் கிழவிக்கு இரண்டடி தள்ளிப் பேத்தி சோறு பிசைந்துகொண்டிருக்கலாம். "வறுமையின் நிறம்", "ஏக்கம்" போன்ற தலைப்புகள் வேண்டாம். அவர் ஏங்கினார் என்று உங்களுக்கு யார் சொன்னது? அன்றிரவே எழுதிவிடுங்கள்; ஒரு வாரம் போனால் பெயர்கள் குழம்பிவிடும்.

அனுமதி கேட்டால் உடனே நிமிர்ந்து நின்று சிரிக்கிறார்கள். கேட்காமல் எடுத்தால்தானே இயல்பாக வரும்?

முந்தானையைச் சரிசெய்து, தலையை ஒதுக்கிவிட்டு, நேராக நிற்பதும் இயல்புதான். தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்கிறார். அந்தப் படத்தையும் மனதார எடுங்கள். பிறகு கேமராவை மடியில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள். அரைமணி நேரத்தில் அவர் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார், உங்களை மறந்தும்விடுவார்.

ஊர்வலத்திலும் பொதுக்கூட்டத்திலும் ஒவ்வொருவரிடமும் கேட்க முடியாது, கேட்க வேண்டியதும் இல்லை. சிக்கல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவின்போது கூத்தாண்டவருக்காகத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள், மறுநாள் காலையில் தாலியறுத்து, வளையல் உடைத்து அழுகிறார்கள். அழும் முகத்துக்கு ஓரடி தூரத்தில் லென்ஸ்கள் முண்டியடிக்கின்றன. பொது இடம்தானே என்கிறார்கள். இடம் பொதுவாக இருக்கலாம், அழுகை பொதுவானதில்லை. முந்தைய நாளே போய்ப் பேசிப் பழகியவர் எடுப்பதும், கூட்டத்தோடு நெருக்கியடித்து எடுப்பதும் ஒன்றாகாது.

துன்பப்படுகிறவரைப் படமெடுத்துக் கண்காட்சி வைப்பது அவருடைய வறுமையை விற்பது ஆகாதா?

ஆகலாம். மேலே சொன்ன ஹூப்பரையே பாருங்கள். பஞ்சத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து, 1886இல், பர்மாவில் மரண தண்டனை நிறைவேற்றப்படுவதைப் படமெடுப்பதற்காகச் சுடும் கட்டளையைத் தாமதப்படுத்தினார் என்ற குற்றச்சாட்டில் விசாரணைக்கு ஆளானார். சாகப்போகிறவனின் கணங்கள்கூட அவருக்குப் படத்துக்கான பொருளாகிவிட்டன. கேமரா பிடித்திருக்கும் எவரும் அந்த இடத்துக்குப் போய்விட முடியும் என்று நான் அஞ்சுகிறேன்.

இன்னொரு எடுத்துக்காட்டு இவ்வளவு தெளிவானது இல்லை. 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில், டொரோதியா லாங் ஒரு தாயையும் குழந்தைகளையும் எடுத்தார். உலகத்தில் அதிகம் அச்சான படங்களில் ஒன்று அது. பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு உணவு அனுப்பப்பட்டது. அதற்குள் அந்தக் குடும்பம் அங்கிருந்து போய்விட்டது. லாங் பெயர் கேட்கவில்லை. அவர் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. செரோக்கி பழங்குடி மரபினர் என்பதும் அப்போதுதான். அந்தப் படத்தால் தனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று அவர் வருந்தினார். ஆனால் 1983இல் அவர் நோயில் விழுந்து பிள்ளைகள் உதவி கேட்டபோது, அந்தப் படத்தை நினைத்தே முகம் தெரியாத மக்கள் ஆயிரக்கணக்கில் டாலர்களை அனுப்பினார்கள். இதை விற்பனை என்றும் சொல்ல முடியாது, குற்றமே இல்லை என்றும் சொல்ல முடியாது.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். கண்காட்சியின் திறப்பு விழாவுக்கு அந்தப் படத்தில் இருப்பவர் வந்து, தன் படத்துக்கு முன்னால் நின்றால், அவர் தலைநிமிர்ந்து நிற்பாரா? சந்தேகம் வந்தால் நான் அந்தப் படத்தை மாட்டுவதில்லை.

படமெடுத்ததற்குப் பணம் கொடுக்கலாமா?

படத்துக்காகக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் நீங்கள் விரும்புவதை அவர் நடித்துக் காட்டத் தொடங்குவார். உங்களோடு பேசியதால் அவருடைய அரைநாள் கூலி போனது என்றால் அதைக் கொடுப்பது நியாயம். ப்ரின்ட் மட்டும் கட்டாயம் கொடுக்க வேண்டும். வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டேன் என்று சொல்லாதீர்கள், போன் மாறும்போது அது போய்விடும்.

உப்பளத் தொழிலாளி ஒருவருக்கு நான் கொடுத்த ப்ரின்ட்டை, அவர் இறந்த பிறகு ஊர் முனையில் கண்ணீர் அஞ்சலி பேனரில் பார்த்தேன். கிழிந்த பனியனோடு பாத்திக்குள் நின்றவரின் தலையை மட்டும் வெட்டியெடுத்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, பின்னால் நீல வானத்தையும் மேகத்தையும் வைத்திருந்தார் ஸ்டுடியோக்காரர். வீட்டுக்குள்ளும் அதே படம்தான் மாலையோடு தொங்கியது. எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. அவர் மனைவி அவரை வெள்ளைச் சட்டையில் பார்க்க விரும்பினார். அந்த உரிமை அவருக்கு உண்டு. பனியனோடு நின்றவர் என் நெகட்டிவில் இருக்கிறார், தேதியோடும் பெயரோடும்.

ஒருவர் உயிருக்குப் போராடும்போது படமெடுப்பதா, காப்பாற்றுவதா?

நீங்கள் ஒருவர்தான் அங்கே இருக்கிறீர்கள், உங்கள் கையால் ஆகக்கூடியது ஏதாவது இருக்கிறது என்றால் கேமராவைக் கீழே வையுங்கள். மருத்துவரும் ஆம்புலன்ஸும் வந்துவிட்ட இடத்தில் நீங்கள் குறுக்கே நிற்பதைவிட உங்கள் வேலையைப் பார்ப்பதே உதவி.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லாரும் கெவின் கார்ட்டரை மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். 1993இல் சூடானில், சுருண்டு கிடக்கும் குழந்தையையும் பின்னால் காத்திருக்கும் பிணந்தின்னிக் கழுகையும் எடுத்தவர் அவர். 1994இல் புலிட்சர் விருது கிடைத்தது. அதே ஆண்டு ஜூலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். குழந்தை என்ன ஆனது என்று அன்று உலகமே கேட்டது, பதில் இல்லை. 2011இல் ஒரு ஸ்பானிய நாளிதழ் தேடிப் போய் அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்தது. குழந்தை அன்று சாகவில்லை. அந்தப் பஞ்சத்தைத் தாண்டி வாழ்ந்திருக்கிறது. படத்தை உற்றுப் பாருங்கள், குழந்தையின் மணிக்கட்டில் உணவு நிலையத்தின் பிளாஸ்டிக் பட்டை தெரியும். ஏற்கெனவே பதிவாகி உணவு பெற்றுவந்த குழந்தை அது. அந்த ஒரு வரி குறிப்பில் இருந்திருந்தால், கேட்கப்பட்ட கேள்விகளே வேறாக இருந்திருக்கும்.

சாவு வீட்டிலும் பேரிடரிலும் எவ்வளவு அருகில் போகலாம்?

இதற்கு நான் ஒரு படத்தைக் காட்டுவது வழக்கம். சுனாமி வந்து இரண்டு நாட்கள் கழித்து, 2004 டிசம்பர் 28 அன்று, கடலூரில் ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் அர்கோ தத்தா எடுத்தது. உறவினரைப் பறிகொடுத்த ஒரு பெண் மணலில் விழுந்து கிடக்கிறார். இரண்டு உள்ளங்கைகளும் மேல்நோக்கி விரிந்திருக்கின்றன. இறந்தவரின் கை மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிகிறது. உடல் முழுவதையும் எடுத்திருக்க முடியும். எடுக்காமல் விட்டதால்தான் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் பட விருது பெற்ற அந்தப் படத்தை இருபது ஆண்டுகள் கழித்தும் முகம் திருப்பாமல் பார்க்க முடிகிறது. எவ்வளவு அருகில் என்று அடிக்கணக்கில் என்னால் சொல்ல முடியாது. எதை ஓரத்தில் நிறுத்துவது என்ற முடிவைத்தான் நீங்கள் பழக வேண்டும்.

பெயரே தெரியாவிட்டால் படத்தை வெளியிடக் கூடாதா?

வெளியிடலாம். 1984 டிசம்பரில் போபாலில், மண்ணுக்குள் புதைக்கப்படும் ஒரு குழந்தையின் முகத்தை ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியோவும் எடுத்தார்கள். அந்தக் குழந்தை யாருடையது என்று இன்றுவரை தெரியாது. "பெயர் அறியாத குழந்தை" என்று சொல்லும்போது, ஒரே இரவில் பெயர் சொல்ல ஆளில்லாமல் குடும்பங்கள் அழிந்த செய்தியும் அதில் சேர்ந்துவிடுகிறது. தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதுவது நேர்மை. கேட்கவே இல்லை என்பதை "ஒரு மூதாட்டி" என்று எழுதி மறைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பெயரை எழுதினால் அவருக்கே ஆபத்து என்றால்?

எழுதாதீர்கள். சில இடங்களில் சட்டமே தடுக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தைகள் என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும், சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் இருக்கின்றன. கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம்; வீட்டு வாசல், பள்ளிச் சீருடை, அண்டை வீட்டு வண்டி எண் எல்லாமே அடையாளம்தான்.

சட்டம் தொடாத இடங்களும் உண்டு. கொத்தடிமையாக இருப்பவர், சாதி மறுத்துத் திருமணம் செய்தவர், முதலாளிக்கு எதிராகப் பேசிய தொழிலாளி. அப்போது பெயரை உங்கள் குறிப்பேட்டில் மட்டும் எழுதி, பத்திரமாக வையுங்கள். முழு ஆவணத்தை எல்லாருக்கும் இன்றே காட்டியாக வேண்டியதில்லை.

காட்சி சரியாக அமைய, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லலாமா? பின்னால் கிடக்கும் குப்பையை நீக்கலாமா?

உருவப்படம் எடுக்கிறீர்கள், அது உருவப்படம் என்று பார்ப்பவருக்கும் தெரிகிறது என்றால் வெளிச்சத்துக்கு வந்து நிற்கச் சொல்வதில் பொய் இல்லை. நடந்தது என்று காட்டும் படத்தில் எதையும் நகர்த்தக் கூடாது. 1936இல் அமெரிக்க அரசின் கிராமப்புற நிவாரணத் திட்டத்துக்காகப் படமெடுத்த ஆர்தர் ராத்ஸ்டைன், வறண்டு வெடித்த நிலத்தில் கிடந்த மாட்டு மண்டையோட்டைச் சில அடிகள் நகர்த்தி வைத்து எடுத்தார். வறட்சி உண்மை, மண்டையோடும் உண்மை. ஆனாலும் அந்தத் திட்டத்தின் எதிரிகள் அதைப் பிடித்துக்கொண்டு அதன் எல்லாப் படங்களையும் போலி என்றார்கள். லாங் எடுத்த அந்தத் தாயின் படத்தில்கூட, ஓரத்தில் தெரிந்த கட்டைவிரல் பின்னர் மங்கலாக்கப்பட்டது.

கணினித் திருத்தம் இன்னும் எளிது, அதனால் இன்னும் ஆபத்து. நர்சிசோ கோன்ட்ரெராஸ், சிரியாப் படம் ஒன்றின் மூலையில் கிடந்த சக புகைப்படக்காரரின் வீடியோ கேமராவை அழித்தார். புலிட்சர் பெற்ற குழுவில் இருந்தவர் என்றும் பாராமல் 2014இல் ஏபி செய்தி நிறுவனம் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. கடுமைதான், ஆனால் சரி என்றே நினைக்கிறேன். வெளிச்சத்தையும் இருட்டையும் சமன்செய்வது வேறு. இருந்ததை இல்லாமல் செய்வது வேறு. வெள்ளைச் சட்டை விஷயத்தில் மட்டும் ஏன் விட்டுக்கொடுத்தீர்கள் என்று கேட்பீர்கள். அந்தப் பேனர் அவர் மனைவியின் துக்கம். அதை யாரும் சாட்சியாக எங்கும் சமர்ப்பிக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவு எந்தப் படத்தையும் உருவாக்கிவிடுகிறது. இனி யார் புகைப்படத்தை நம்புவார்கள்?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம்மவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். படத்தை மட்டும் பார்த்து நம்பிய காலம் முடிந்துகொண்டிருக்கிறது. அதற்காக நான் அழ மாட்டேன். இனி விசாரிக்க இடம் தரும் படங்கள் நிற்கும். முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு சேர்த்து வரிசையாகக் காட்ட முடிகிறதா, கேமராவில் பதிவான மூலக் கோப்பு இருக்கிறதா, அந்த ஊருக்குப் போனால் அந்த மனிதரைப் பார்க்க முடியுமா? குறிப்பைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் முன்பு நல்ல பழக்கமாக இருந்தது. இப்போது அது இல்லாமல் படமே நிற்காது.

நான் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவன் இல்லை. அவர்களை எடுக்க எனக்கு உரிமை இருக்கிறதா?

எடுக்கலாம். ஆனால் உள்ளே இருப்பவருக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியாது என்ற நினைப்போடு எடுங்கள். பழனிகுமார், மீன் விற்கும் தன் தாயின் வாழ்க்கையைப் படமெடுத்திருக்கிறார். விடியலுக்கு முந்தைய அந்த மீன் சந்தைக்குள் எந்தக் கேமராவோடும் என்னால் அவர் போன அளவு போக முடியாது. வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் குடும்பத்தையே எடுக்கிறார். தலித் வாழ்க்கை என்றால் அழுகையும் அடியும் மட்டும்தான் என்று எண்ணியிருந்தவர்களுக்கு, அந்தப் படங்களில் உள்ள நெருக்கமும் அமைதியும் புதிதாக இருந்தன.

வெளியாளாகிய உங்களால் செய்யக்கூடிய பெரிய காரியம் ஒன்று உண்டு. அந்த ஊரில் படமெடுக்க ஆசைப்படும் பிள்ளை ஒன்று இருக்கும். பழைய கேமரா ஒன்றை அதன் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

படங்களை எப்படிப் பாதுகாப்பது? உரிமை யாருக்கு?

இரண்டு ஹார்ட் டிஸ்க், வேறு வேறு வீடுகளில். கோப்பின் பெயரிலேயே தேதியும் ஊரும் இருக்கட்டும். முக்கியமானவற்றைத் தாளில் அச்சிட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். இந்தியாவில் புகைப்படத்தின் பதிப்புரிமை, எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளும். பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை அவருக்குப் போகும். எழுதி வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

பல ஆண்டுகள் கழித்து, "அந்தப் படம் வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்று குடும்பம் கேட்டால்?

ஜப்பானின் மினமாட்டாவில், ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசத்தால் மீன் தின்ற மக்கள் முடங்கினார்கள். 1971இல் யூஜீன் ஸ்மித்தும் அவர் மனைவி ஐலீனும் அங்கேயே குடியிருந்து படமெடுத்தார்கள். பிறவியிலேயே பாதிக்கப்பட்ட மகளைத் தாய் குளிப்பாட்டும் படம் உலகத்தை உலுக்கியது. பெற்றோரின் சம்மதத்தோடு எடுக்கப்பட்ட படம்தான். மகள் 1977இல் இறந்துவிட்டார். அந்தப் படம் மேலும் மேலும் அச்சாவதைத் தாங்க முடியாமல், மகள் இனி ஓய்வெடுக்கட்டும் என்றார்கள் பெற்றோர். 1998இல் ஐலீன் அந்தப் படத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையைப் பெற்றோரிடமே ஒப்படைத்தார். பல ஆண்டுகள் அது புதிதாக வெளிவரவில்லை. பின்னர் மீண்டும் அச்சேறியபோது அதைப் பற்றி விவாதம் எழுந்தது. பெயர் பெயர் என்று இவ்வளவு நேரம் வற்புறுத்திய நான், அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுதாமல் விட்டது அந்தப் பெற்றோருக்காகத்தான்.

என்னிடம் கேட்டால் நான் எடுத்துவிடுவேன். கண்காட்சியிலிருந்தும் இணையத்திலிருந்தும் நீக்கிவிடுவேன், காரணம் சொல்லச் சொல்லிக் கேட்க மாட்டேன். நெகட்டிவை மட்டும் அழிக்க மாட்டேன். உறையில் போட்டு, யார் கேட்டதால் எந்தத் தேதியில் நிறுத்தப்பட்டது என்று மேலே எழுதி வைப்பேன். அந்தக் குடும்பத்தின் பேரப் பிள்ளை ஒருநாள் வந்து கேட்டால், கொடுக்க வேண்டிய பொருள் அது.